சுகப்பிரசவம் ஆன உடம்பு தேற எவ்வளவு நாள் ஆகும்?

முதல் குழந்தை, நார்மல் டெலிவரி, ஐந்து வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தையல் போட்டிருக்கிறார்கள், இன்னும் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது. சாயங்காலமானால் கீழே ஏதோ கனமாக இறங்குவது போல் இருக்கிறது. மோஷன் போகவே பயம். தாய்வீட்டில் இருக்கிறீர்கள், வயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள், தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள். “சுகப்பிரசவம்தானே, நாற்பது நாளில் எல்லாம் சரியாகிவிடும்” என்று எல்லோரும் சொல்ல, அந்த நாற்பதாவது நாள் நெருங்க நெருங்க உங்களுக்குக் கலக்கம். எத்தனை நாளில் பழையபடி ஆவேன் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: மற்றவர்களுக்குச் சரியானது எனக்கு ஏன் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏதாவது கோளாறா?

நான் மகப்பேறு மருத்துவர். அரசு மருத்துவமனையில் பல வருடம், இப்போது சிறு நகரம் ஒன்றில் கிளினிக். உங்களைப் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதில் எதுவும் அபூர்வமானதில்லை. ஆனால் சில விஷயங்களை “அபூர்வமில்லை” என்று விட்டுவிடக் கூடாது, அவற்றுக்கு வைத்தியம் உண்டு.

நாற்பது நாள், ஆறு வாரம் என்ற கணக்கு பொய்யில்லை. ஆனால் அது கர்ப்பப்பையின் கணக்கு. பிரசவம் முடிந்த கையோடு கர்ப்பப்பை கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை இருக்கும், தொப்புள் மட்டத்தில் கையில் தட்டுப்படும். தினமும் ஏறக்குறைய ஒரு விரல் அளவு இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குக் கீழே போய்விடும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். முதல் சில நாள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடித்திருக்குமே, அது இந்தச் சுருக்கம்தான். உதிரமும் இதே கணக்கில்தான் போகும். முதல் மூன்று நாலு நாள் சிவப்பு, அப்புறம் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, பத்து நாளுக்குப் பிறகு வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை என்று நாலிலிருந்து ஆறு வாரத்தில் நின்றுவிடும். இடையில் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் ஒருமுறை திடீரென்று சிவப்பாகப் பட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்குவதும் உண்டு. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தின் பொருக்கு உதிர்வதால் வருவது அது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தசை, நரம்பு, தசைநார் ஆகியவற்றுக்கு இந்த நாற்பது நாள் பொருந்தாது. குழந்தையின் தலை வெளியே வரும்போது, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையின் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று கணினி மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். கை கால் தசை எதுவும் அவ்வளவு இழுபட்டால் அறுந்துபோகும். கர்ப்ப கால ஹார்மோன்கள் அதை நெகிழ்த்தி வைத்திருப்பதால்தான் பெரும்பாலும் தாங்குகிறது. அப்படி இழுபட்ட தசையும் அதற்குப் போகும் நரம்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம் வரை நல்ல முன்னேற்றம் தெரியும், ஒரு வருடம் வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டே போகும். ஐந்து வாரத்தில் அதைப் பழையபடி எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தையலுக்கு வருகிறேன். கிழிசலை நாங்கள் நாலு அளவாகப் பிரிப்போம். முதல் அளவு தோல் மட்டும். இரண்டாவது தோலோடு அதற்கு உள்ளே இருக்கும் தசையும். மூன்றாவது ஆசனவாயை இறுக்கி வைத்திருக்கும் வளையத் தசை வரை. நாலாவது மலக்குடலின் உட்தோல் வரை. நாங்களே கத்தரியால் போடும் வெட்டு, அதாவது எபிசியாட்டமி, அளவில் இரண்டாவது வகைக்குச் சமம். எல்லோருக்கும் வழக்கமாக அதைப் போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் நம் ஊரில் முதல் பிரசவம் என்றாலே கத்தரியை எடுக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. எத்தனை தையல் என்ற எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த அளவு கிழிசல் என்பதுதான் முக்கியம்.

நூல் தானாகக் கரையும் வகை. இரண்டு மூன்று வாரத்தில் துண்டு துண்டாகப் பேடில் விழும், தையல் பிரிந்துவிட்டதோ என்று பலர் அதைப் பார்த்துப் பதறுவார்கள். காயம் மூடியிருந்தால் அது ஒன்றுமில்லை. ஐந்தாவது வாரத்தில் உட்கார முடியாத வலி இருக்கிறது என்கிறீர்கள். வாரா வாரம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் பொறுக்கலாம். அப்படியே நிற்கிறது, அல்லது கூடுகிறது என்றால் காயத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். சில சமயம் தையல் ஓரத்தில் சிவப்பாக, தொட்டாலே ரத்தம் கசியும் சதை கொஞ்சம் வளர்ந்திருக்கும். கிளினிக்கில் சில்வர் நைட்ரேட் வைத்துச் சுட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்காக மாதக்கணக்கில் வலியோடு இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். இன்னொன்று, வலி தையலில் இல்லாமல் முதுகுக்குக் கீழே எலும்பு நுனியில் இருக்கலாம். உட்கார்ந்து எழும் அந்த நொடியில் சுருக்கென்று குத்தி, விரலால் அந்த எலும்பை அழுத்தினால் வலித்தால் அது வால் எலும்பு வலி. அதற்கு வைத்தியம் வேறு.

காயத்துக்கு ஆடம்பரமாக எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்த பிறகு ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரை முன்னாலிருந்து பின்னால் ஓடும்படி ஊற்றி, சுத்தமான துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். டெட்டால், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் காயத்தில் போடாதீர்கள். அகலமான டப்பில் வெந்நீர் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் இதமாக இருக்கும். அது காயத்தைச் சீக்கிரம் ஆற்றும் என்று நான் சொல்லமாட்டேன், வலிக்கு நல்லது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பால் கொடுக்கும் தாய் எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள்தான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் ஐபுபுரூஃபனுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்க எப்போதும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோஷன் பயம் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களும் அப்படித்தான், கதவு வரை போய்விட்டுத் திரும்பி, “இன்னொன்னு டாக்டர்” என்று சொல்வார்கள். உங்கள் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். எப்படி என்று பாருங்கள். வீட்டில் தண்ணீரைக் குறைக்கிறார்கள். பத்தியம் என்று காய், பழம், கீரை எல்லாம் போய், சோறும் மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு மேல் இரும்புச்சத்து மாத்திரை, அது தன் பங்குக்கு மலத்தைக் கட்டியாக்கும். தையல் பிரிந்துவிடுமோ என்று நீங்கள் அடக்குகிறீர்கள். அடக்கிய மலம் இன்னும் இறுகுகிறது. கடைசியில் முக்கியே ஆக வேண்டிய நிலை வரும்போது, தேறிக்கொண்டிருக்கும் இடுப்புத்தளத்தின் மேல் தினமும் அந்த அழுத்தம் விழுகிறது. கீழே கனமாக இருக்கிறது என்கிறீர்களே, அதை இது கூட்டும்.

ஒழுங்காகப் போட்ட தையல் மோஷன் போவதால் பிரியாது. முதலில் தண்ணீர்: ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர், நடுவில் தாகத்துக்குத் தகுந்தபடி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கொய்யா, பப்பாளி, வாழைப்பழம், கீரை, அவரைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் சாப்பிடலாம்; உங்கள் பாலில் அதனால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. அப்படியும் இறுகினால் லாக்டுலோஸ் சிரப். தாய்ப்பாலுக்கு அதனால் கெடுதல் இல்லை, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் பாதத்துக்குக் கீழே சின்ன முக்காலி போட்டு, முட்டி இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு புதுப் பேடை மடித்துத் தையல் மேல் முன்புறமாக உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்காமல் வாயால் ஊதியபடி போங்கள். அந்தக் கை தரும் தைரியமே பாதி வைத்தியம். இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நம் அரசுத் திட்டப்படியே பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்பும் கால்சியமும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். பால், டீ, காபியோடும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, இதை அம்மாவிடமே படித்துக் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகான ஆறு வாரத்தில் ரத்தம் எளிதில் உறையும். பிரசவ ரத்தப்போக்கிலிருந்து தாயைக் காக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்து, நடமாட்டமும் இல்லாமல் படுக்கையிலேயே வைத்தால் காலிலோ மூளையின் சிரைகளிலோ ரத்தம் உறைய வழி செய்கிறோம். பச்சை உடம்புக்காரிக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து வலிப்போடு வருவதை நம் பக்கத்து நரம்பியல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், புண் ஆறாது என்பதற்கு ஆதாரமே கிடையாது. பத்திய முறையில் எனக்குப் பகை இல்லை. வேலை செய்ய விடாமல் பார்த்துக்கொள்வது, வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பாடு, பூண்டு, கருவாடு, பால்சுறாப் புட்டு எல்லாம் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். லேகியம் பற்றி எனக்குப் படிப்பு கிடையாது, சித்த மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் போட்டுக் கிண்டியதை நெல்லிக்காய் அளவு சாப்பிடுவதை நான் தடுத்ததில்லை. எங்கே செய்தது என்றே தெரியாத டப்பாவில், பஸ்பம் கலந்து வருவதை வேண்டாம் என்பேன். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது.

இப்போது சிறுநீர்க் கசிவு. பிரசவமான முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்கு இது இருக்கிறது. வெளியே சொல்லாததால்தான் உங்களுக்கு மட்டும் என்று தோன்றுகிறது. இடுப்புத்தளப் பயிற்சி இதற்கு உதவும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். படுத்துக்கொண்டே தொடங்கலாம். கூட்டத்தில் வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், கூடவே சிறுநீரை அடக்குவது போலவும் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. முடிந்த வரை, இரண்டு விநாடியானாலும் சரி, பிடித்து முழுதாகத் தளர்த்துங்கள். பத்து விநாடி வரை மெல்லக் கூட்டலாம். ஒரு தடவைக்கு எட்டு, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். தும்மலோ இருமலோ வருகிறது என்று தெரிந்த நொடியில் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள், அதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். தவறான தசையை இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறவர்கள் நிறையப் பேர். பெண்கள் நலத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. பெரிய நகரங்களில் இப்போது இருக்கிறார்கள், சிறு ஊர்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகும் கசிந்தால் “பிள்ளை பெற்றால் அப்படித்தான்” என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். வாயுவோ மலமோ அடக்க முடியாமல் போகிறது என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். கிழிசல் வளையத் தசை வரை போயிருந்து யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

கீழே இறங்குவது போன்ற கனம் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நின்றால், தூக்கினால், சாயங்காலமானால் கூடி, படுத்தால் குறைகிறது என்றால், கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கொஞ்சம் தளர்ந்து இறங்கியிருக்கலாம். பிரசவமான புதிதில் லேசான இறக்கம் சகஜம், பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும். பிறப்புறுப்பின் வாசலில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டாலோ தெரிந்தாலோ காட்டிவிடுங்கள். அதற்கும் ஆபரேஷன்தான் என்று பயப்பட வேண்டாம், உள்ளே வைக்கும் ரப்பர் வளையம்கூட உதவும். அதுவரை தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, மாவுக் கிரைண்டர் கல் எதையும் தூக்காதீர்கள். குழந்தையைத் தூக்கலாம்.

வயிறு கட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். நடு வயிற்றில் இரண்டு பக்கத் தசையும் விலகியிருப்பது நிறைமாதத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. முதல் எட்டு வாரத்தில் பெரும்பகுதி தானாகக் கூடி வரும், மீதி மெல்லச் சரியாகும். துணியோ பெல்ட்டோ கட்டுவதால் வயிறு நிரந்தரமாக உள்ளே போகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. முதுகுக்குத் தாங்கலாக இருக்கிறது என்றால் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். மூச்சு முட்ட இறுக்கினால் உள்ளே இருக்கும் அழுத்தம் கீழே போகத்தானே செய்யும்? கனம் இருக்கிறது என்று சொல்லும் பெண்ணை நான் இறுக்கிக் கட்ட விடமாட்டேன். இது ஆய்வு முடிவு அல்ல, என் அனுபவத்தில் சொல்வது. மெதுவான நடையை இப்போதே தொடங்கலாம். ஓட்டம், குதிக்கும் உடற்பயிற்சி எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு, அதுவும் கசிவும் கனமும் இல்லாவிட்டால்.

கணவரோடு சேர்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆறாவது வாரத்தில் எல்லோருக்கும் மனதில் இருக்கும் கேள்வி அது. உதிரம் நின்று, காயம் ஆறி, உங்களுக்கு மனம் இருந்தால் சரி. நாள் கணக்கு எதுவும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் வறட்சியும் எரிச்சலும் இருக்கும், மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்த் தன்மையுள்ள ஜெல் உதவும். மாதவிலக்கு வராமலேயே கரு உருவாகலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இரவில் வியர்த்துக் கொட்டுவது முதல் சில வாரங்களில் இயல்பு. மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொத்துக் கொத்தாக உதிரும், ஒரு வருடத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். விலை உயர்ந்த எண்ணெய் வாங்க வேண்டாம். முதல் பத்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவதும் சகஜம். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மனம் இருண்டே கிடக்கிறது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சில அறிகுறிகளுக்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைவது, எலுமிச்சை அளவுக்கு மேல் கட்டி கட்டியாக ரத்தம் போவது, 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், துர்நாற்றம் வீசும் உதிரம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் சரியாக இருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை அது ஏறலாம், அதனால் தலைவலியைச் சூட்டால் வந்தது என்று சொல்லிப் பற்றுப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் போவீர்கள். பெரும்பாலும் குழந்தையின் எடை, தடுப்பூசி என்று பேசியே அது முடிந்துவிடும், கூட்டம் அப்படி. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போய், கிழிசல் எந்த அளவு, கருவி போட்டு எடுத்தார்களா என்று கேளுங்கள். வலி, கசிவு, கனம் மூன்றையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லி, “ஒருமுறை உள்ளே பரிசோதித்துப் பாருங்கள்” என்று கேளுங்கள். ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாலு மாதத்துக்குப் பிறகும் அடித்துப் போட்டது போல் அசதி இருந்தால் தைராய்டு பரிசோதனையும் தேவைப்படலாம். பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.